பழைய பெயருக்கு வந்த எண்

ஐயா, அல்லது அம்மா, இந்தத் தாள்களைக் கையில் எடுத்தவர் யாராயினும் முதலில் என் வணக்கம். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லன். பிறர் எழுதியதைப் பிழை பார்த்துப் பார்த்தே எழுதக் கற்றவன். தொண்ணூறுகளில் மைசூரில் ஓர் ஆய்விதழுக்கு நேர்ந்த ஆபத்தையும், அதன் நிழலில் நான் கழித்த ஆண்டுகளையும் இங்கே சொல்ல முயல்கிறேன். பெயர்கள் எதையும் எழுதவில்லை. சிலர் இன்னும் இருக்கிறார்கள்; இல்லாதவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரஸ்வதிபுரத்தில் ஒரு பழைய பங்களா. முன்பக்கம் அறிவியல் சங்கம் ஒன்றின் கூட்ட அறை. பின்பக்கம் இரண்டு அறைகளில் அந்தச் சங்கம் நடத்திய ஆய்விதழின் அலுவலகம். அதற்கும் பின்னால், ஒரு காலத்தில் கார் நிறுத்திய ஓட்டுக் கொட்டகையில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். தானியத்தை எப்படிச் சேமிப்பது, எந்தப் பூச்சி எதைத் தின்னும், எவ்வளவு ஈரம் ஏறினால் ராகி கெடும் என்பன போன்ற ஆராய்ச்சிகளை அந்த இதழ் ஆண்டுக்கு நான்கு முறை வெளியிட்டது. கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்தவர் அதன் ஆசிரியர்; ஓய்வுபெற்ற விஞ்ஞானி, இந்த வேலைக்குச் சம்பளம் வாங்காதவர். தட்டச்சு செய்தவர் ஓர் அம்மையார். பல தலைமுறைக்கு முன்பே மைசூரில் குடியேறிய தமிழ்க் குடும்பம். நான் புரூஃப் பார்த்தேன். இதழ்களை உறையிலிட்டு முகவரி ஒட்டிச் சைக்கிளில் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.

இவற்றோடு இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் வாலிலும், எழுதியவர் தமக்கு முன்னால் யார் யார் எழுதியதைப் பயன்படுத்தினார் என்று ஒரு வரிசை இருக்கும். அதை நாங்கள் ரெஃபரன்ஸ் என்போம். அதில் உள்ள ஆண்டும் பக்கமும் சரிதானா என்று, அருகிலிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்துக்குப் போய்ப் பார்த்து வர வேண்டும். கட்டுரையைப் படிப்பவர்கள் அந்த வரிசைக்கு வருவதற்குள் எழுந்து போய்விடுவார்கள் என்றே நான் எண்ணியிருந்தேன். உலகத்தில் எங்கோ ஒரு நிறுவனம் அந்த வால்களை மட்டும் வெட்டி எடுத்து எண்ணிக்கொண்டிருக்கிறது என்பதை நான் அறியவில்லை.

அறிந்தது ஒரு மழைக்கால முற்பகலில். ஆசிரியர் ஒரு கூட்டத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார். அவருடன் சங்கத்தின் செயலாளரும் வந்து அமர்ந்தார். சங்கத்தின் வரவு செலவு, ஆட்கள், அறைகள் எல்லாம் செயலாளரின் பொறுப்பு. அங்கே எல்லாரும் கன்னடத்தில்தான் பேசுவோம். படிப்பவருக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"இனிமே ஆய்விதழுக்கெல்லாம் வரிசை போடப்போறாங்களாம்," என்றார் ஆசிரியர்.

"ஸ்கூல்ல போடுற ரேங்க் மாதிரியா சார்?" என்று அம்மையார் தட்டச்சு இயந்திரத்திலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"அதேதாம்மா. போன ரெண்டு வருஷத்துல நாம போட்ட கட்டுரைகளை இந்த வருஷம் மத்தவங்க எத்தனை தடவை குறிப்பிட்டாங்கன்னு எண்ணுவாங்க. அதை நம்ம கட்டுரைகளோட எண்ணிக்கையால வகுப்பாங்க. வர்றதுதான் நம்ம தரம். இம்பாக்ட் ஃபேக்டர்னு பேரு."

"அப்போ கட்டுரை குறைஞ்சா எண் ஏறுமா?"

"ஏறும்."

"அப்படின்னா ஒண்ணுமே போடாம சும்மா இருந்துடலாம் சார். நாமதான் முதல் ரேங்க்."

ஆசிரியர் சிரித்தார். செயலாளர் சிரிக்கவில்லை. "நமக்கு உதவித்தொகை தர்ற துறை இந்த எண்ணைத்தான் பார்க்கப்போகுதாம். அடியில இருக்கிற இதழ்களுக்கு நிறுத்திடுவாங்க. இதழ் நின்னா இந்த ரெண்டு அறையும் பின்னால கொட்டகையும் வாடகைக்குப் போகும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்திருந்தால் எனக்கு அவ்வளவு அச்சம் வந்திராது.

என் வேலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலை. கொட்டகை அந்த வேலையோடு ஒட்டியது. அதை இழந்தால் நான் போவதற்கு இருந்த ஒரே இடம் என் சொந்த ஊரான ராமாபுரம். அங்கே என் பங்கு நிலத்தையும் சேர்த்து என் தம்பி உழுதுகொண்டிருந்தான். அவன் வாசலில் பெட்டியை இறக்கினால் முதல் வாரம் அண்ணன், அதன் பிறகு உண்பதற்கு ஒரு வாய் கூடுதல். அதுவும் அந்த ஆண்டுகளில் ஹனூரைத் தாண்டிவிட்டால், காட்டுக்குள் சந்தனக் கடத்தல்காரனைத் தேடிய அதிரடிப்படையினர் காட்டோரச் சாலையில் பேருந்தை நிறுத்தி, ஆட்களை இறக்கி, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள். சரியாகப் பதில் சொன்னவனும் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் மறுபடி ஏறுவான். ஊர் என்ற சொல்லைக் கேட்டால் பிறருக்கு மனம் குளிரும் என்று படித்திருக்கிறேன். எனக்கு அந்தப் பேருந்துதான் நினைவுக்கு வரும்.

அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவன் கையைக்கூட நனைக்கவில்லை போலிருக்கிறது.

"ஏனுங்க, சோறு அப்படியே இருக்குதுங்க," என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. நம்ம இதழுக்கு ரேங்க் போடப்போறாங்க."

"போடட்டுமே. நீங்க என்னத்துக்கு மலைச்சுப்போய் உக்காந்திருக்கீங்க? பரீட்சை எழுதினது நீங்களா?"

"நம்ம இதழ் கடைசியா வந்தா நாம ராமாபுரம் போகணும்."

அவள் குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டுக் கொட்டகையின் ஓட்டுக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். அதன் பிறகு அவளும் சாப்பிடவில்லை.

அந்தத் தர வரிசை அப்போது புத்தகமாக வரவில்லை. உள்ளங்கை அகலப் படத்தகடுகளாக வந்தது. நூலகத்தில் இருந்த ஒரு விளக்குப் பெட்டிக்குள் தகட்டைச் செருகினால் கண்ணாடித் திரையில் பொடி எழுத்துகள் மிதக்கும். நூலகர் அம்மா கண்டிப்பானவர். ஆயினும் என் முகத்தைப் பார்த்துத் தாமே செருகிக் காட்டினார். எங்கள் துறையின் இதழ்கள் மேலிருந்து கீழே வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பெயரும் எங்களுடையது இல்லை என்னும்போது முதலில் ஏமாற்றம் வந்தது, பிறகு அச்சம், திரையின் அடிவிளிம்பை நெருங்கியபோது, இல்லாமலே போய்விட்டதோ என்ற கலக்கம். இருந்தது. அதற்குக் கீழே இருந்தவற்றைத் தேட வேண்டியிருந்தது.

செயலாளர் சும்மா இருப்பவர் அல்லர். முதலில் ஒரு யோசனை சொன்னார். எங்களுக்குக் கட்டுரை அனுப்புகிற ஒவ்வொருவரும் எங்கள் பழைய கட்டுரைகள் சிலவற்றை வாலில் சேர்த்தே தீர வேண்டும் என்று விதி போடலாம் என்றார். ஆசிரியர் மறுத்தார். "அவன் படிக்காத கட்டுரையைப் படிச்சேன்னு எழுதச் சொல்றதா? கல்யாண வீட்டுல நம்ம ஆளையே மறுபடி மறுபடி பந்தியில உட்கார வெச்சுக் கூட்டம் காட்டுற மாதிரி இருக்கு." நான் மனத்துக்குள் செயலாளர் பக்கம் நின்றேன். அச்சம் கொண்டவனுக்கு நேர்மை தூரத்து உறவினர் போல.

இரண்டாவது யோசனை தசரா விடுமுறைக்கு முன் நடந்த செயற்குழுவில் வந்தது. இதழின் பெயரை மாற்றிவிட வேண்டும். பழைய பெயரில் ஊர்ப் பெயர் இருந்தது.

"மைசூர்னு அட்டையில போட்டா வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான்? இனிப்புக் கடைன்னு நினைப்பான்," என்றார் செயலாளர்.

காபி கொண்டுவந்த அம்மையார் தட்டை வைத்துக்கொண்டே, "மைசூர்பாகுக்காவது உலகத்துல பேரு இருக்கு சார். நம்ம கட்டுரைக்கு அதுவும் இல்ல," என்றார்.

ஆசிரியரும் அன்று சிரித்துத் தலையசைத்துவிட்டார். ஒரு மறுப்பைச் சொல்லிவிட்டவருக்கு இரண்டாவது மறுப்பு சொல்லக் கூச்சம் வந்துவிடுகிறது. பன்னாட்டு என்ற சொல்லோடு புதுப் பெயர் முடிவாயிற்று. புதுப் பெயருக்குப் பழைய தொகுதி எண் எதற்கு, புதுக் கணக்கு தொடங்குவதுதான் மங்களம் என்று செயலாளர் சொன்னார். சங்கராந்தியன்று முதல் தொகுதி, முதல் இதழ் என்ற எழுத்துகளோடு பளபளக்கும் அட்டை வந்தது. அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, இந்த ஊர் வழக்கப்படி எள்ளும் வெல்லமும் பங்கிட்டு உண்டோம். என் மனைவிக்கும் ஒரு பொட்டலம் கொண்டுபோனேன். அவள் அட்டையை முந்தானையால் துடைத்து, "இது நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள். நாங்கள் அனைவரும் உண்மையாகவே மகிழ்ந்திருந்தோம் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கெடுதல் நினைத்து ஒருவரும் எதையும் செய்யவில்லை.

அந்த ஆண்டின் வரிசை, மறு ஆண்டின் நடுவில்தான் நூலகத்துக்கு வந்தது. நான் போய் விளக்குப் பெட்டியின் முன் நின்றேன். அடியிலிருந்து தேடத் தொடங்கினேன். புதுப் பெயர் இல்லை. மேலே போனேன். இல்லை. திரையின் நடுப்பகுதியில், எங்கள் துறையின் பாதி இதழ்களைக் கீழே தள்ளிவிட்டு, எங்கள் பழைய பெயர் நின்றுகொண்டிருந்தது.

நான் தவறாகப் படித்தேன் என்றே நினைத்தேன். நூலகர் அம்மாவை அழைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"பெயரை மாத்தினீங்களா?"

"ஆமாம்மா."

"தொகுதி எண்ணையும் ஒண்ணிலிருந்து ஆரம்பிச்சீங்களா?"

"ஆமாம்மா. மங்களமா இருக்கட்டும்னு."

அவர் நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டார். எண்ணுபவர்களுக்குப் பெயர்தான் ஆள் என்று விளக்கினார். போன ஆண்டு மற்றவர்கள் எங்களை முன்பைவிட அதிகமாகக் குறிப்பிட்டிருந்தார்கள், ஆனால் கணக்கில் சேர்ந்தவை அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகள். அவை பழைய பெயரில் வந்தவை. ஆகவே உயர்வெல்லாம் பழைய பெயருக்கே சேர்ந்தது. புதுப் பெயருக்கு முந்தைய ஆண்டு என்பதே இல்லை. அதனால் எண்ணும் இல்லை. முழு எண் வருவதற்கு இரண்டு ஆண்டு ஆகும். அதுவும் தொகுதியை ஒன்றிலிருந்து தொடங்கியதால் இதைப் புத்தம்புதிய இதழ் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டால், வரிசையில் சேர்க்கலாமா என்பதே கேள்வியாகிவிடும்.

"பழைய இதழ் நல்லா முன்னேறியிருக்கு," என்றார் அவர் மெதுவாக. "ஆனா அது இப்போ இல்லையே."

திரும்பும்போது சைக்கிளில் ஏற முடியவில்லை, தள்ளிக்கொண்டே வந்தேன். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நின்று, இதை எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். எந்த வாக்கியமும் முடியவில்லை. அலுவலகத்துக்குப் போய், "எண் வந்திருக்குதுங்க, நமக்கு இல்லீங்க," என்று மட்டும் சொன்னேன். ஆசிரியர் நான் சொல்லாததையும் புரிந்துகொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அன்றே, இரண்டு பெயரும் ஒரே இதழ்தான் என்று விளக்கி, எண்ணி வரிசை போடும் அந்த நிறுவனத்துக்கு எழுதினார்.

பதில் வருவதற்கு முன், உதவித்தொகை தரும் துறையின் அதிகாரி நேரில் பார்க்க வந்துவிட்டார். அன்று காலை செயலாளர் என்னைத் தனியே அழைத்தார். "மேசைமேல பழைய தொகுதிகளை மட்டும் அடுக்கி வை. புதுசை எல்லாம் அலமாரிக்குள்ள வை. அவர் கையில இருக்கிற வரிசையில பழைய பேருதான் இருக்கு. எண்ணைப் பார்ப்பார், அட்டையைப் பார்ப்பார், போயிடுவார்."

அடுக்கினேன். அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதிகாரி வந்து அமர்ந்து தொகுதிகளைப் புரட்டத் தொடங்கியதும் அந்தச் சிறு சாவி என் நெஞ்சின்மேல் கல்லாய்க் கனத்தது. கண்டுபிடித்தால் இதழும் போகும், மானமும் போகும். கண்டுபிடிக்காவிட்டால் ஆண்டுதோறும் இப்படி நிற்க வேண்டும். எது நடந்தாலும் அச்சமே என்று அப்போது புரிந்தது.

ஆசிரியர் சற்றுத் தாமதமாக உள்ளே வந்தார். மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சாவி எங்கே?" என்றார். நான் செயலாளரைப் பார்க்கத் துணியாமல் எடுத்துக் கொடுத்தேன். ஆசிரியர் அலமாரியைத் திறந்து புது இதழ் ஒன்றை எடுத்து அதிகாரியின் முன் வைத்தார்.

"நீங்க பார்க்கிற எண் அதுக்கு உரியது. இப்போ நாங்க நடத்துறது இது."

அதிகாரி இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்தார். "எதுக்காகப் பேரை மாத்தினீங்க?"

"எண் உயரணும்னுதான்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அவர் நல்லவர் என்றே இன்றும் நினைக்கிறேன். "சார், என் தாள்ல ஒரு கட்டம் இருக்கு. அதுல ஓர் எண் எழுதணும். உங்க இதழ் நல்லதா கெட்டதான்னு எழுத அதுல இடமில்ல," என்றார். கட்டத்தைக் காலியாக விட்டு, எண் வரும்வரை உதவித்தொகையை நிறுத்தி வைக்கலாம் என்று குறித்தார். ரத்து என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல் வேற்றுமையில்தான் நாங்கள் தொங்கிக்கொண்டிருந்தோம்.

அவர் போன பிறகு செயலாளர் ஆசிரியரோடு பேசவில்லை. என்னிடம் வந்து, எண் வரும்வரை கொட்டகையில் இருக்கலாம், சம்பளம் இல்லை, வராவிட்டால் காலி செய்ய வேண்டும் என்றார். இதழ் வேலையை மாலையில் பார்த்துக்கொண்டு, பகலில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். மனைவி பக்கத்துத் தெருவில் இரண்டு வீடுகளில் சமைத்தாள். எல்லா நாளும் ஒரே கேள்விதான்.

"எண் வந்துட்டுதுங்களா?"

"இல்ல."

"வருமா?"

"தெரியல."

நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. புதுப் பெயரைத் தொடர்ந்து கவனிப்போம், இரண்டு பெயர்களின் கணக்கையும் சேர்க்க இயலாது என்று இருந்தது. ஆகவே காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் அச்சம் காத்திருக்க விடாது. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் நூலகத்துக்குப் போவேன். புதிதாக வந்த வெளிநாட்டு இதழ்களை எடுத்து, கட்டுரைகளைத் தள்ளிவிட்டு, வால்களை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போவேன். எங்கள் புதுப் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடுவேன். மாதக்கணக்கில் இல்லை. பல சமயம் பழைய பெயர் தென்படும். இறந்தவருக்கு வந்த வாழ்த்தைப் படிப்பது போல் இருக்கும்.

ஒருநாள் கண்டேன். கடல் கடந்த நாட்டு இதழ் ஒன்றில், கட்டுரையின் வாலில், எங்கள் புதுப் பெயர், முதல் தொகுதி, பக்க எண் எல்லாம் சரியாக இருந்தன. நகல் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினேன். ஆசிரியர் படிக்கப் படிக்க அவர் முகம் வாடிற்று. குழியில் ராகி சேமிப்பது பற்றி மண்டியாவில் ஒரு கல்லூரி ஆசிரியர் எங்கள் இதழில் எழுதிய கட்டுரையை, அளந்த முறையே தவறு என்று அந்த வெளிநாட்டவர் விரிவாக மறுத்திருந்தார்.

"திட்டினாலும் கணக்குல சேருமா சார்?" என்று அம்மையார் கேட்டார்.

"சேரும். எண்ணுறவன் படிக்கிறதில்ல."

"அப்போ இன்னும் ரெண்டு பேரு திட்டட்டும். அண்ணா, நீங்க ஊருக்குப் போக வேணாம்," என்றார் அவர் என்னைப் பார்த்து.

நான் சிரித்தேன். பிறகு அந்த மண்டியாக்காரரின் புரூஃபை நான் பார்த்த நாள் நினைவுக்கு வந்தது. ஒரு காற்புள்ளிக்காக இரண்டு முறை பேருந்தேறி வந்தவர் அவர். அவருக்கு விழுந்த அடி என் கூரைக்கு முட்டுக்கொடுத்தது.

முழு எண் வந்தபோது படத்தகடு போய்க் குறுந்தகடு வந்திருந்தது. நூலகர் அம்மா கணினியில் எங்கள் துறையைத் திறந்துவிட்டு, வழக்கமாக அருகிலேயே இருப்பவர் அன்று எழுந்து வேறு அலமாரிக்குப் போய்விட்டார். நான் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார் போலும். புதுப் பெயர் இருந்தது. நடுவில் இல்லை, பழைய பெயர் ஏறிய உயரத்தில் இல்லை. மேலே பலர், கீழே சிலர். ஆனால் ஓர் எண் இருந்தது. கட்டத்தில் எழுதப் போதுமானது.

உதவித்தொகை திரும்பியது, என் ஒப்பந்தமும் திரும்பியது. மனைவி ஒரு வீட்டுச் சமையலை மட்டும் விட்டாள், மற்றொன்றை விடவில்லை. "அடுத்த வருஷமும் எண் வருமில்லீங்க?" என்று அவள் கேட்டபோதுதான், அவள் என்னைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தாள் என்று அறிந்தேன். அந்த எண் ஒருமுறை வந்து முடிகிற ஒன்று அன்று. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பிறந்து வருவது. அந்தக் கொட்டகையில் இருந்தவரை ஆண்டின் நடுமாதங்களில் எனக்குச் சோறு இறங்கியதில்லை. இப்போது வேறு வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் எந்தக் கட்டுரையைப் பார்த்தாலும் முதலில் அதன் வாலுக்குத்தான் என் கண் போகிறது.

அந்த நூலகத்தில் எங்கள் இதழின் கட்டப்பட்ட தொகுதிகள் இன்னும் இருக்கின்றன. பழைய பெயர் ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடும். பக்கத்தில் வேறொரு பெயர் ஒன்றிலிருந்து தொடங்கும். பார்ப்பவர் ஓர் இதழ் செத்து வேறோர் இதழ் பிறந்தது என்று எண்ணிக்கொள்வார். ஐயா, அம்மா, இது ஒரே இதழ். ஆகவே இந்தத் தாள்களைப் பழைய பெயரின் கடைசித் தொகுதிக்கும் புதுப் பெயரின் முதல் தொகுதிக்கும் இடையில் வைத்துப் பாதுகாக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.